40-ஐத் தாண்டாத ஆட்டோமேட்டிக் கார்... கியர்பாக்ஸை இறக்கும் முன் பேட்டரியைப் பாருங்கள்!

ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கார் 40 கி.மீ வேகத்தைத் தாண்டாது. இன்ஜின் மட்டும் உறுமும். சிக்னலில் நின்று கிளம்பினால், லோடு ஏற்றிய மாட்டுவண்டி மாதிரி நகரும். டேஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பல்சக்கரமோ, இன்ஜின் படமோ எரியும். அம்பத்தூர் எஸ்டேட் சாலையிலோ ஆவடி செக்போஸ்ட் அருகிலோ, பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்க, உள்ளே குழந்தைகளோடு இப்படி மாட்டிக்கொண்டால் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: ‘கியர்பாக்ஸ் போச்சு!’

போயிருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. இதற்குப் பெயர் ‘லிம்ப் மோடு’. லிம்ப் என்றால் நொண்டுவது. காலில் முள் குத்தியவர் பாதத்தை முழுசாக ஊன்றாமல் வீடு வந்து சேர்வதில்லையா, அதே வேலையைத்தான் காரும் செய்கிறது. இது நோய் அல்ல. நோய் வந்ததும் கார் தானே எடுத்துக்கொள்ளும் ஓய்வு.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கென்று தனியாக ஒரு குட்டி கம்ப்யூட்டர் உண்டு. உள்ளே போகும் தண்டு எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, வெளியே வரும் தண்டு எவ்வளவு, ஆயில் எவ்வளவு சூடு என்று சென்சார்கள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைவைத்து சோலினாய்டு என்கிற மின்வால்வுகளை இயக்கி கியர் மாற்றும். சென்சார் சொல்வதை நம்ப முடியாத நிலை வந்தால், கம்ப்யூட்டர் ரிஸ்க் எடுக்காது. வால்வுகளுக்கான கரன்ட்டை நிறுத்திவிடும். கரன்ட் இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு கியர் விழும்படிதான் டார்க் கன்வெர்ட்டர் வகை கியர்பாக்ஸ்களை வடிவமைத்திருக்கிறார்கள். பல கார்களில் அது மூன்றாவது கியர். ரிவர்ஸும் வேலை செய்யும். அந்த நேரத்தில் ஆயில் அழுத்தம் உச்சத்தில் இருப்பதால், ‘பி’யிலிருந்து ‘டி’க்கு லீவரைத் தள்ளியதும் ‘தொம்’ என்று ஒரு குலுக்கல் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு உள்ளே பல்சக்கரம் உடைந்துவிட்டதாகப் பயப்பட வேண்டாம்.

சரி, நடுரோட்டில் என்ன செய்வது? ஹஸார்டு லைட்டைப் போட்டு ஓரம்கட்டுங்கள். லீவரை ‘பி’யில் வைத்து இன்ஜினை அணைத்து, சில நிமிடங்கள் பொறுத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். பழையபடி ஓடினால் சந்தோஷம்தான். ஆனால் அதோடு மறந்துவிடக் கூடாது. கம்ப்யூட்டர் அந்தக் கோளாறைக் குறித்துவைத்திருக்கும். சரியாகவில்லை என்றால், பக்கத்தில் உள்ள பாதுகாப்பான இடம்வரை மெதுவாக ஓட்டலாம். மதுரவாயல் பைபாஸிலோ அவுட்டர் ரிங் ரோட்டிலோ ஏறவே ஏறாதீர்கள். 80, 90-ல் வரும் லாரிகளுக்கு நடுவே 40-ல் போகும் கார், கியர்பாக்ஸைவிடப் பெரிய ஆபத்து. பாடி மேம்பாலம் மாதிரியான ஏற்றங்களும் வேண்டாம். மூன்றாவது கியரிலேயே ஏறினால் ஆயில் கொதித்துவிடும்.

இன்னொன்று, கயிறு கட்டி இழுக்கவே இழுக்காதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் பம்ப்பைச் சுற்றுவது இன்ஜின்தான். இன்ஜின் அணைந்த நிலையில் சக்கரம் சுற்றினால், உள்ளே உள்ள பாகங்கள் ஆயில் இல்லாமல் உராயும். சின்னக் கோளாறோடு நின்ற கார், இழுத்து வந்ததாலேயே பெரிய செலவில் முடியும். முழு காரையும் மேலே ஏற்றும் ரெக்கவரி வேனைக் கூப்பிடுவதே உத்தமம்.

‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் நம் ஊரில் ஓடுவது நான்கு ஜாதி. 2014-ல் மாருதி செலெரியோ மூலம் நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்த ஏஎம்டி, உண்மையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு இயந்திரக் கை செய்கிறது. இதில் ‘என்’ என்ற எழுத்து கண் சிமிட்ட, கியரே விழாமல் நின்றால், யாரையாவது காருக்குப் பின்னால் நிற்கவைத்துவிட்டு பிரேக்கை மிதியுங்கள். பிரேக் லைட் எரியாவிட்டால் திருடன் கிடைத்த மாதிரிதான். பிரேக் மிதித்திருக்கிறீர்கள் என்ற தகவல் போகாமல் ஏஎம்டி கியர் போடாது. பிரேக் பெடலுக்கு மேல் உள்ள சின்ன சுவிட்ச் கெட்டதற்கு கியர்பாக்ஸைக் குறை சொல்லி என்ன பயன்?

இரட்டை கிளட்ச் வகை வேறு மாதிரி நொண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் உள்ள 7 கியர் டிஎஸ்ஜியில் 1, 3, 5, 7 ஒரு கிளட்ச்சிலும், 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொரு கிளட்ச்சிலும் இருக்கும். ஒரு பக்கம் படுத்தால் மறுபக்கத்தை மட்டும் வைத்து கார் ஓடும். ரிவர்ஸ் விழவில்லையா, விழுகிறதா என்பதை மெக்கானிக்கிடம் சொன்னாலே எந்தப் பக்கம் என்று அவருக்குப் புரிந்துவிடும். இந்த கியர்பாக்ஸின் கதை சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. வெயிலும் ஈரப்பதமும் நின்று நின்று நகரும் நெரிசலும் சேர்ந்த ஊர்களில், உள்ளே இருந்த சின்தெடிக் ஆயிலால் மின்சப்ளையில் ஷார்ட் சர்க்யூட் ஆகலாம் என்பதுதான் காரணம். ஆயிலை மினரலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வெயில், புழுக்கம், நெரிசல்! மெட்ரோ வேலை நடந்த காலத்து போரூர் - பூந்தமல்லி சாலையைப் பார்த்து எழுதியதைப் போலவே இல்லை?

இப்போது தலைப்புக்கு வருவோம். நம் ஊர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். வோல்ட்டேஜ் குறைந்தால் இன்ஜின் எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கும் வால்வுகளுக்கும் போதாது. உடனே லிம்ப் மோடு. ஒரு மல்ட்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற காரில் 12.4 முதல் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை. அதற்குக் கீழே இருந்தால் பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் வயர் மூன்றையும் பார்க்காமல் யாரையும் கியர்பாக்ஸில் கைவைக்க விடாதீர்கள். பேட்டரி டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடி, தளர்ந்த நட்டு இவைகூட இந்த வேலையைச் செய்யும்.

அடுத்தது ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். போனில் ப்ளூடூத் மூலம் படிக்கும் கருவி சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. அதில் ‘பி0700’ என்று வந்தால், ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஒரு புகார் இருக்கிறது’ என்று மட்டுமே அர்த்தம். என்ன புகார் என்பதை மலிவான கருவிகள் பலவும் படிக்காது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே போகும் ஸ்கேனர் வேண்டும். பி0562 என்றால் வோல்ட்டேஜ் குறைவு. பி0705, பி0715, பி0720 என்றால் சென்சார் அல்லது அதன் வயரிங். பி0731-லிருந்து தொடங்கும் வரிசை வந்தால்தான் கவலைப்பட வேண்டும். போட்ட கியருக்கும் சுற்றும் வேகத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை, உள்ளே ஏதோ வழுக்குகிறது என்று பொருள். கோடைப் படித்துக் குறித்துக்கொள்வதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றி ‘ரீசெட்’ செய்யாதீர்கள். விளக்கு அணையும், சாட்சியமும் அழியும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ, 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையிலோ தண்ணீரில் நின்ற காரை வைத்திருந்தாலும், செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தாலும், சந்தேகத்தை முதலில் கனெக்டர்கள் மேல் வையுங்கள். கியர்பாக்ஸின் வயரிங் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், பின்களில் பச்சைப் பொடி படிந்திருக்கும். அரிப்பு ஒரே நாளில் வேலையைக் காட்டாது. வெள்ளம் வடிந்து மாதங்கள் கழித்து, ஒரு மழை நாளில் திடீரென்று லிம்ப் மோடாக வந்து நிற்கும். ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ‘லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். கியர்பாக்ஸ் தயாரிப்பில் பெரிய பெயரான ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீக்குள் அல்லது 8 ஆண்டுகளில் ஆயில் மாற்றச் சொல்கிறது. அதன் இந்தியக் கிளை ஒன்று லாரி பிரேக் பாகங்கள் செய்வது அம்பத்தூர் எஸ்டேட்டில்தான். ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கியில்கூட ஜெர்மானிய ரெங்க் கியர்பாக்ஸ்தான் இருக்கிறது. ராணுவ டாங்கிக்கே ஆயில் மாற்றுவார்கள். நம் காருக்கு என்ன?

ஷெட்டில் ‘அசெம்பிளியையே மாத்தணும் சார்’ என்றால், லட்சத்தில் பேசுகிறார்கள் என்று அர்த்தம். ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் சேமிப்பு அது. என்ன கோடு வந்தது, என்னென்ன டெஸ்ட் செய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எஸ்டிமேட்டும் எழுத்திலேயே இருக்கட்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் இன்னொரு இடத்தில் காட்டுவதில் தப்பே இல்லை. தேவையில்லாமல் மாற்றிப் பணம் வாங்கியிருந்தால், நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்கு போடலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு அது திருவள்ளூர், அம்பத்தூர்க்காரர்களுக்கு சென்னை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்னை நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். வெயிலில் எழுத்து மறையும் ரகமாக இருந்தால், வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.