சின்னம் உரைப்பது குடிப்பெருமையா, கடமையா?

சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் எனச் சின்னம் கண்டது தமிழ் மரபு. போந்தையும் ஆத்தியும் வேம்பும் அவர்தம் குடிப்பூக்கள். கொடியைக் கண்டதும் குடி இன்னதென விளங்கிற்று. இன்று குடும்பச் சங்கம் அமைப்போரும் தமக்கென ஓர் இலச்சினை வேண்டுமென விழைகின்றனர். விழைவதில் பிழையில்லை. அதில் எதனைப் பொறிப்பது என்பதே வினா. சிங்கமும் வாளும் மகுடமும் பொறித்து முன்னோர் பெருமை பேசவே பலர் விரும்புவர். நாம் ஈண்டு வேறொரு மரபை நினைவூட்ட விரும்புகிறோம்.

கி.பி. 1250 முதல் 1517 வரை எகிப்தையும் சிரியாவையும் ஆண்டவர்கள் மம்லூக்குகள். 'உடைமையாக்கப்பட்டவர்' என்பதே அச்சொல்லின் பொருள். கிப்சாக் புல்வெளிகளிலிருந்தும் காக்கேசிய மலைநாட்டிலிருந்தும் அடிமைகளாக வாங்கி வரப்பெற்றுப் போர்ப்பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். எடுத்துக்காட்டக் குலவரிசை அவர்களிடம் இல்லை. ஆயினும் அவர்தம் அமீர்களுக்குச் சின்னம் இருந்தது. அஃது உரைத்தது குலத்தை அன்று. அரண்மனையில் அவர் ஆற்றிய பணியை. சுல்தானுக்குப் பருகக் கொடுத்தவர்க்குக் கிண்ணம். செயலாளர்க்கு எழுதுகோற் பேழை. படைக்கலம் காத்தவர்க்கு வாள். பின்னர்ப் பெரும்பதவி எய்திய அமீரும் அக்கிண்ணத்தைத் தாம் எழுப்பிய கட்டடங்களிலும் பள்ளிவாசலுக்கு வழங்கிய கண்ணாடி விளக்குகளிலும் பொறித்தார். ஏவல் செய்த நாளை அவர் மறைக்கவில்லை. அதனையே மதிப்பாகக் கொண்டார்.

சுல்தான் பைபர்ஸ் சிங்கத்தைச் சின்னமாகக் கொண்டாரே எனலாம். உண்மையே. ஆனால் 1273இல் லுத் நகருக்கருகே அவர் கட்டிய பாலத்தில் அச்சிங்கங்கள் இன்றும் நிற்கின்றன. மக்கள் கடந்து செல்லும் வழியில் நிற்பதாலன்றோ அவற்றுக்குப் பெருமை!

இவையெல்லாம் பதவிச் சின்னங்கள், குடும்பத்துக்குப் பொருந்தா என்பாரும் உளர். 1492 வரை கிரனாடாவை ஆண்ட நஸ்ரு குடும்பத்தார் தம் கேடயச் சின்னத்தில் முன்னோர் புகழைப் பொறிக்கவில்லை. இறைவனையன்றி வெற்றியாளர் எவருமிலர் என்னும் கருத்தையே பொறித்தனர். அல்ஹம்ரா மாளிகைச் சுவர்கள் அதற்குச் சான்று. கிளைகளும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே, உயர்வு இறையச்சத்தால் மட்டுமே என்பது திருமறை தரும் தெளிவன்றோ?

கல்லூரியில் பணியாற்றும் நாம் காணும் காட்சி ஒன்றுண்டு. பெருங்குடும்பத்தின் பெயர் தாங்கிய பிள்ளை, தேர்வுக் கட்டணத்துக்கு வழியின்றி வகுப்பறை வாயிலில் தயங்கி நிற்கும். அக்குடும்பத்துக்குச் சங்கம் இருக்கும், ஆண்டுவிழாவும் நிகழும். மேடைத் திரையில் இலச்சினை மின்னும். வெளியே நிற்கும் பிள்ளைக்கு அதனால் ஆவதென்ன?

ஆகவே குடும்பப் பெரியோர்க்கு நம் வேண்டுகோள் இது. வாளை விடுத்து எழுதுகோலைப் பொறியுங்கள். அதனைப் பொறித்தபின், படிப்பை நிறுத்திய உங்கள் கிளைவீட்டுப் பிள்ளையைத் தேடிச் செல்லுங்கள். அப்பிள்ளை மீண்டும் வகுப்புக்கு வரும் நாளில்தான் அச்சின்னம் மெய்யாகும்.