ஓடமும் பாலமும்

பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே தாமிரவருணி ஓடுகின்றது. இந்நாளில் இவ்விரண்டு ஊர்களும் ஒரே மாநகரமாய் விளங்குகின்றன. ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு கரையிலிருந்து மறுகரை செல்வார்க்கு ஓடமே துணையாய் இருந்தது. வெள்ளம் பெருகினால் அத்துணையும் இல்லையாம். அக்காலத்தில் மாவட்ட ஆட்சித் தலைவரின் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றியவர் சுலோசன முதலியார். அவர் தம் சொந்தப் பொருளில் ஏறத்தாழ அரை இலட்சம் ரூபாய் வழங்கி ஆற்றின் குறுக்கே பாலம் அமைப்பித்தார். 1843-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அப்பாலம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இப்பாலத்தைக் காண்போர்க்குச் சீன நாட்டுப் பழைய வரலாறு ஒன்று நினைவிற்கு வருதல் இயல்பு. செங் என்னும் சிறு நாட்டில் சிச்சான் என்னும் அமைச்சர் இருந்தார். மக்கள் குளிர்ந்த ஆற்றில் இறங்கி வருந்திக் கடப்பதைக் கண்டு இரங்கி, அவர் தம் தேரிலேயே அவர்களை ஏற்றிக் கரை சேர்ப்பித்தாராம். அவர் காலத்தில் இளைஞராய் இருந்து பின்னர்ப் பேராசானாய் உயர்ந்தவர் கன்பூசியசு (கி. மு. 551 - 479). சிச்சானின் அடக்கத்தையும் மக்கள்பால் அவர் கொண்டிருந்த பரிவையும் கன்பூசியசு பாராட்டினார்.

ஆயின், கன்பூசியசு மறைந்து நூறு ஆண்டுகட்குப் பின் தோன்றி, அவர் நெறியை விளக்கிய மென்சியசு என்னும் அறிஞர் வேறு விதமாகக் கருதினார். சிச்சான் இரக்கம் உடையவரே. எனினும் ஆட்சி முறையை அறியாதவர் என்பது அவர் முடிவு. குளிர்காலம் முதிருமுன் நடப்போர்க்கும் வண்டிகட்கும் பாலங்கள் அமைத்திருந்தால் ஒருவரும் ஆற்றில் இறங்கி வருந்த வேண்டியதில்லை அன்றோ? ஒவ்வொருவரையும் தனித்தனியே மகிழ்விக்கப் புகும் அமைச்சர்க்கு நாள்கள் போதா என்றும் அவர் சுட்டினார்.

இக்கருத்து இன்றைய பொதுப்பணிக்கும் மிகப் பொருந்தும். ஓர் அலுவலகத்தில் பலர் சான்றிதழுக்காக வரிசையில் காத்து நிற்கின்றனர். அலுவலர் தமக்கு அறிமுகமான ஒருவரை மட்டும் முன்னே அழைத்து வேண்டியதை முடித்துக் கொடுக்கின்றார். பெற்றுச் சென்றவர் அவரை நல்லவர் எனப் போற்றுவார். காலை முதல் வெயிலில் நிற்கும் மூதாட்டியோ நாளை மீண்டும் வருதல் வேண்டும். அதற்காக ஒரு நாட் கூலியை இழத்தல் வேண்டும். ஒருவர்க்குச் செலுத்திய ஓடம் மற்றவர்க்கு இழைத்த அநீதி ஆயிற்று. யாவர்க்கும் உரிய காலத்தில் உரியது கிடைக்கும் ஒழுங்கை அமைப்பதே பாலம் அமைத்தலாகும்.

கன்பூசியசின் நெறி குடும்பப் பற்றை முதலாகக் கொண்டது. ஆதலின் அஃது உறவினர்க்குச் சலுகை காட்டத் தூண்டாதோ எனச் சிலர் வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. குடும்பம் அன்பைப் பயிலும் இடமேயன்றி, அன்பு முடியும் இடமன்று. தம் வீட்டு முதியோரைப் பேணுமாறே பிறர் வீட்டு முதியோரையும் பேணுதல் வேண்டும் என மென்சியசும் அறிவுறுத்தியுள்ளார். எனினும், அப்பழைய நெறியில் இக்காலத்தார் விடத்தக்கனவும் உள. ஆள்வோர் தந்தையாகவும் மக்கள் குழந்தைகளாகவும் எண்ணப்பட்ட காலம் அது; பெண்டிர்க்கு அரசுப் பணியில் இடமில்லை. குடியாட்சியில் மக்களே உரிமையாளர். அலுவலர், ஆணாயினும் பெண்ணாயினும், அவர்தம் பணியாளரே.

சீன நாட்டில் கன்பூசிய நூல்களைக் கற்றுத் தேர்வெழுதியோரை அரசுப் பணியில் அமர்த்தும் முறை பல நூற்றாண்டுகள் நிலவி, 1905-ஆம் ஆண்டில் ஒழிந்தது. அந்நூல்களை மனப்பாடம் செய்து தேறியோருள்ளும் கையூட்டுப் பெற்றோர் இருந்தனர். இந்திய மாகாணங்களுள் முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில் 1929-ஆம் ஆண்டில் பணித் தேர்வாணையம் அமைந்தது. அதன் வழிவந்த ஆணையம் நடத்தும் தேர்வுகட்குத் திருக்குறளும் பாடமாய் உள்ளது. தேர்வு அறிவை அளக்கும். ஒழுக்கத்தையோ நாள்தோறும் செய்யும் பணியே அளக்கும்.

கன்பூசியசு இளமையில் களஞ்சியக் கணக்கராகவும் பின்னர்க் கால்நடைக் காவலராகவும் பணியாற்றினார். முன்னதில் கணக்குப் பிழையாதிருத்தலும், பின்னதில் ஆடுமாடுகள் கொழுத்து வளர்தலுமே தம் கடமையெனக் கொண்டார். பணி சிறிதென அவர் எண்ணினாரில்லை. சுலோசன முதலியாரும் அரசர் அல்லர். அலுவலகத்தில் பணிபுரிந்த ஓர் அலுவலரே. அவர் உள்ளத்து எழுந்த இரக்கம் கல்லாலும் சுண்ணத்தாலும் உருப்பெற்றமையால், அவரை அறியாதாரும் இன்று ஆற்றைக் கடக்கின்றனர். எனினும், கொடையாளர் ஒருவர் தோன்றும்வரை மக்கள் கரையிற் காத்திருத்தல் முறையன்று. பாலம் அமைத்தல் அரசின் கடன். அதனைப் பழுதின்றிக் காத்தல் அலுவலரின் கடன். அதில் யாவரும் ஒப்பச் செல்லுமாறு விழித்திருத்தல் குடிமக்களின் கடன்.

நாளை அரசுப் பணியில் அமரவிருக்கும் மாணவர்கள் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளத் தக்க வினா ஒன்று உண்டு: தாம் செலுத்தப் போவது ஒருசிலர்க்குரிய ஓடமா, அமைக்கப் போவது அனைவர்க்குமுரிய பாலமா என்பதே அவ்வினா.