தளபதியின் நிதானம்

யுத்த சரித்திரம் பயில்வோராகிய நாம், தளபதிகளின் கீர்த்தியை அவர்கள் கைப்பற்றிய ஊர்களைக் கொண்டே மதிப்பிட்டுப் பழகிவிட்டோம். ஆயினும் 1950-ஆம் ஆண்டு நவம்பரில், வட கொரிய மலைகளிடையே அமெரிக்க முதலாவது மரீன் டிவிஷனுக்குத் தலைமை வகித்த மேஜர் ஜெனரல் ஆலிவர் ஸ்மித்தின் பெருமையோ, விரைக என்று மேலிடம் வற்புறுத்திய நாட்களில் அவர் விரையாதிருந்ததில்தான் அடங்கியிருக்கிறது.

1917-இல் படையில் சேர்ந்த ஸ்மித், பாரிஸ் நகரத்து யுத்தக் கல்லூரியில் பயின்றவர். 1944-இல் நியூ பிரிட்டன் தீவில் ஒரு ரெஜிமெண்டை நடத்தியவர். அதே ஆண்டு பெலலியு தீவில் அவர் உதவித் தளபதியாக இறங்கியபோது, சில தினங்களில் முடியும் என்று டிவிஷன் தளபதி கணித்த போர் இரண்டு மாதங்களுக்கு மேல் நீண்டது. மேலிடத்து உற்சாகத்தை எளிதில் நம்பாத சுபாவம் அங்கேயே அவரிடம் வேரூன்றியிருக்க வேண்டும் என்பது எமது கருத்து.

கொரியாவில் அவர் படை முன்னேற வேண்டியிருந்த சோசின் நீர்த்தேக்கத்துக்குச் செல்ல ஒரே மலைப்பாதை. இடப்புறமோ காவலற்றுக் கிடந்தது. இவற்றையெல்லாம் நவம்பர் 15-ஆம் தேதி மரீன் படைத் தலைவருக்குக் கடிதமாக எழுதிய ஸ்மித், அத்துடன் அமையாமல், வழிநெடுகப் பண்டங்களைச் சேமித்து, அவ்வழியிலிருந்த ஹகாரு-ரி என்னும் ஊரில் விமானத்தளம் அமைக்கத் தொடங்கினார். உறைந்து பாறையாய் இறுகிய மண்ணை இரவும் பகலும் புல்டோசர்கள் பெயர்த்தன. வட கொரியாவின் பக்கம் நின்ற சீனச் சேனை தாக்கியபோது, விளக்கொளியில் வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர்கள் இயந்திரத்தை விட்டிறங்கித் துப்பாக்கி ஏந்திப் போரிட்டுவிட்டு, மீண்டும் ஏறி வேலையைத் தொடர்ந்தனர். பாதிகூட முடியாத அத்தளத்தில் டிசம்பர் 1-ஆம் தேதி முதல் விமானம் இறங்கிற்று. அடுத்த சில நாட்களில் 4,300 பேருக்கு மேற்பட்ட காயமுற்றோரும் குளிரால் அங்கம் பழுதுற்றோரும் அங்கிருந்து காப்பாற்றப்பட்டனர்.

தளவாடங்களை அழித்துவிட்டுப் பின்வாங்கலாம் என்று கோர் தளபதி ஆல்மண்ட் அனுமதித்தும் ஸ்மித் அதற்கு இசையவில்லை. போரிட்டுத்தான் வெளியேற வேண்டும், அதற்கு ஆயுதங்கள் வேண்டும் என்பது அவர் வாதம். திரும்பும் வழியிலிருந்த கணவாயில் பகைவர் தகர்த்த பாலத்துக்கு ஈடாக எஃகுப் பாலத்தின் பகுதிகளை விமானங்கள் பாரசூட் கட்டி இறக்கின. டாங்கிகளும் லாரிகளும் அதன்மீதே கடந்து ஹங்நாம் துறைமுகம் சேர்ந்தன. நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரைக்கு அவசரமாக அனுப்பப்பட்ட தரைப்படைப் பிரிவோ ஏறக்குறைய முற்றிலும் சிதைந்தது. அவ்வீரர்களின் தீரம் எவ்விதத்திலும் குறைந்ததன்று; ஆனால் அவர்களுக்குப் பின்னால் இத்தகைய எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை.

நம் பயிற்சிக் கல்லூரிகளில் இப்போரைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், சீனத் தாக்குதல் மூண்ட நவம்பர் 27-ஆம் நாள் இரவிலிருந்தே பாடத்தைத் தொடங்கும் வழக்கத்தை விடுத்து, அக்கடிதத்திலிருந்தும் அந்த புல்டோசர்களிலிருந்தும் தொடங்க வேண்டுமென வேண்டிக்கொள்கிறோம்.