நாவினடியில் வைக்காத மாத்திரை

எனக்கு யாப்பு சொல்லித்தந்த ஆசிரியர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். ஓய்வுபெற்று எட்டாண்டுகள் ஆகின்றன. ஊரே அவரை ஐயா என்றுதான் அழைக்கும்; நானும் அப்படியே. சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, உணவு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு நெஞ்சை அடைப்பதுபோல் இருந்திருக்கிறது. வியர்த்துக் கொட்டியிருக்கிறது. மகனும் மருமகளும் ஓடிவர, சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரரும் வந்துவிட்டார். அவர் இதய நோயாளி. சட்டைப்பையில் எந்நேரமும் சார்பிட்ரேட் வைத்திருப்பவர். ஒன்றைப் பிதுக்கி எடுத்து, "நாக்குக்கு அடியில வச்சுக்குங்க சார், உடனே கேக்கும்" என்று நீட்டியிருக்கிறார். ஐயா வாயை இறுக மூடிக்கொண்டார். மகன் கெஞ்சினான், மருமகள் அழுதாள். அவர் தலையை இருபுறமும் ஆட்டியபடி உதடுகளைத் திறக்கவே இல்லை. 'வாத்தியார் பிடிவாதம்' என்று இன்றும் அந்தத் தெருவில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மருத்துவமனை சேர்ந்ததும் அங்கிருந்த இளம் மருத்துவரிடம் சைகை காட்டி எல்லோரையும் வெளியே அனுப்பச் சொல்லியிருக்கிறார். பிறகு வாயைத் திறந்தார். முந்தின இரவு தாம் டடாலஃபில் என்ற மாத்திரையைச் சாப்பிட்டதாகவும், ஆகவே நைட்ரேட் எதுவும் தமக்குக் கொடுக்கலாகாது என்றும் சொன்னார். மருத்துவர் அதைக் கோப்பின் மேல் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டாராம். வேறு மருந்துகளைக் கொண்டு சிகிச்சை நடந்தது. இரத்தக் குழாயில் ஓர் அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். ஐயா இப்போது நலமாக இருக்கிறார். இதை எழுதலாமா என்று கேட்டேன். "பேரைப் போடாதே, மற்றதை எழுது" என்றார்.

மருமகள் முன்னால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல், உயிரே போகக்கூடிய ஐந்து நிமிடங்களை ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டு கடந்திருக்கிறார். அவர் பிழைத்ததற்குக் காரணம், மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவர் அன்றைக்கே செய்திருந்த எச்சரிக்கை: "நெஞ்சுவலி வந்தால் யார் கொடுத்தாலும் நாக்குக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள்." கடையில் தானே வாங்கிச் சாப்பிட்டிருந்தால் இந்த வாக்கியம் அவர் காதில் விழுந்திருக்காது. எதிர்வீட்டுக்காரரின் நல்ல மனமே அவருக்கு எமனாக வந்திருக்கும்.

அந்த இரண்டு மாத்திரைகளுக்கும் இடையே அப்படி என்ன பகை? பகையல்ல, உறவு. வயாகரா என்ற பெயரில் உலகறிந்த சில்டெனாஃபில், இங்கிலாந்தின் சாண்ட்விச் என்ற ஊரில் ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நெஞ்சுவலி மருந்தாகத்தான் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் நடந்த சோதனைகளில் நெஞ்சுக்குப் பெரிய பலன் கிட்டவில்லை. மருந்தை உட்கொண்ட ஆண்கள் கூச்சத்தோடு வேறொரு விளைவைச் சொன்னார்கள். (அவர்கள் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கூச்சப்பட்டு மறைத்திருந்தால் இந்த மருந்தே இல்லை.) 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில், இரத்தக் குழாய்களைத் தளர்த்தும்படி உடலுக்குள் செய்தி சொல்வது நைட்ரிக் ஆக்ஸைடு என்று காட்டிய ஆய்வுகளுக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரிசை நிறுவிய ஆல்ஃபிரட் நோபல் செல்வம் சேர்த்தது நைட்ரோகிளிசரினிலிருந்து டைனமைட் செய்து. அவருடைய கடைசிக் காலத்தில் நெஞ்சு நோய்க்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுத்ததும் அதே நைட்ரோகிளிசரினைத்தான். எந்தப் புனைகதையாளனும் இவ்வளவு துணிச்சலாக முடிச்சுப் போடமாட்டான்.

நாவினடியில் வைக்கும் நைட்ரேட், உடலில் நைட்ரிக் ஆக்ஸைடைப் பெருக்குகிறது. அதனால் குழாய்களைத் தளர்த்தும் ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அப்பொருளைச் சிதைக்க பி.டி.இ.5 என்ற நொதி இருக்கிறது. சில்டெனாஃபிலும் டடாலஃபிலும் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன. ஆக, ஒரு மாத்திரை மதகைத் திறக்கிறது, மற்றது வடிகாலை அடைக்கிறது. குழாய்கள் எல்லாம் ஒரேயடியாகத் தளர, இரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகலாம். சில்டெனாஃபில் சாப்பிட்டவருக்கு 24 மணி நேரமும், டடாலஃபில் சாப்பிட்டவருக்கு 48 மணி நேரமும் நைட்ரேட் ஆகாது என்பது மருத்துவ விதி. நெஞ்சுவலிக்காகப் பலர் அன்றாடம் உட்கொள்ளும் நிகோராண்டிலுக்கும் இதே தடை உண்டு. நீரிறங்கச் சிரமப்படும் முதியவர்களுக்குத் தரப்படும் டாம்சுலோசின் போன்றவற்றோடு சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரும். அங்கே தடையில்லை, அளவறிந்து தொடங்க வேண்டும். பூஞ்சைக்கும் எச்.ஐ.விக்கும் தரப்படும் சில மருந்துகள், இம்மாத்திரையை உடல் வெளியேற்றுவதைத் தாமதப்படுத்தி, 50 மில்லிகிராமைப் பல மடங்காக நடந்துகொள்ளச் செய்யும். தம் மேசையில் இருக்கும் மற்ற மாத்திரைகளில் எது எந்த வகை என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தியாவில் இவை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகள். நடப்பது வேறு. கடை ஓரமாக நின்று, மற்றவர்கள் போகும்வரை இருமல் மிட்டாய் விலை கேட்டுக்கொண்டிருக்கும் மனிதரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடைப் பையன் அட்டையிலிருந்து இரண்டை மட்டும் கத்தரித்து, பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கிறான். பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில். 25 மில்லிகிராமா 100 மில்லிகிராமா என்பது வாங்கியவருக்குத் தெரியாது.

பிரிட்டனில் 2018 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே இதை விற்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். உண்மைதான். ஆனால் அங்கே பயிற்சி பெற்ற மருந்தாளுநர், இதயம், இரத்த அழுத்தம், உட்கொள்ளும் பிற மருந்துகள் பற்றியெல்லாம் கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். பதில் சரியில்லையென்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சீட்டு போனது, கேள்வி போகவில்லை. இங்கே கேள்வியை முதலில் தொலைத்துவிட்டோம்.

கடைக்காரரையாவது மன்னிக்கலாம். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களிலும் நள்ளிரவுத் தொலைக்காட்சியிலும் 'இழந்ததை மீட்டுத் தருகிறேன்' என்று வாக்களிக்கும் விடுதி வைத்தியர்களை என்ன செய்வது? கலவி ஆற்றலைப் பெருக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் வயதுக்கு அதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டோம் போலிருக்கிறது. இயற்கை மூலிகை என்று சொல்லி விற்கப்படும் இத்தகைய பொருள்களில் சில்டெனாஃபில் ஒளித்துக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. பக்கவிளைவு இல்லை என்று நம்பி லேகியத்தை வழித்து உண்பவர் தாம் என்ன உண்கிறோம் என்றே அறியமாட்டார். அவருக்கு நெஞ்சுவலி வந்தால், மருத்துவரிடம் சொல்ல விரும்பினாலும் என்னவென்று சொல்வார்?

இந்த வியாபாரம் அத்தனையும் ஒரு சொல்லின் மீது நிற்கிறது: 'ஆண்மைக் குறைவு.' ஒரு தசைக்கு இரத்தம் போதவில்லை என்பதற்கு ஒருவனுடைய முழு ஆளுமையையும் குறைத்துச் சொல்லும் பெயர். கண்ணில் புரை விழுந்தவரை யாரும் அறிவுக் குறைவு உள்ளவர் என்பதில்லை. ஆங்கிலத்திலும் வலுவற்றவன் என்று பொருள்படும் சொல்லே நெடுங்காலம் இருந்தது. 1992இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய அறிஞர் அவை அதைக் கைவிட்டு, விறைப்புக் குறைபாடு என்ற பொருளுடைய தொடரைப் பரிந்துரைத்தது. வள்ளுவரோ பேராண்மை என்ற சொல்லைப் பிறன் மனைவியை நோக்காத பண்புக்குச் சூட்டியவர். அந்த அளவுகோலின்படி லேகியக்காரரின் வாடிக்கையாளர்களில் பலர் குறையேதும் இல்லாதவர்கள்.

குறைபாடும் அரிதானதன்று. பாஸ்டன் நகரை ஒட்டி நடத்தப்பட்டு 1994இல் வெளியான மாசசூசெட்ஸ் ஆய்வில், 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களில் 52 விழுக்காட்டினருக்கு இது சிறிதாகவோ பெரிதாகவோ இருந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023இல் கணக்கிட்ட நாடு நம்முடையது.

மருத்துவரிடம் போகவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். ஆண்குறிக்குச் செல்லும் தமனியின் விட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இதயத்தின் தமனி மூன்று நான்கு மில்லிமீட்டர். கொழுப்பு படியத் தொடங்கினால் சிறிய குழாய்தான் முதலில் குறைபடும். படுக்கையறையில் தெரியும் தளர்ச்சி, சில ஆண்டுகள் கழித்து வரப்போகும் மாரடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். கடையில் வாங்கிய மாத்திரை அந்த அறிவிப்பை அழித்துவிடுகிறது. நல்ல மருத்துவர் மாத்திரையை எழுதுமுன் சர்க்கரை, கொழுப்பு, அழுத்தம் பார்க்கிறார். இரண்டு மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்கிறார். காலையில் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா என்பார். இருந்தால் குழாயில் பெரிய பழுதில்லை, பயமோ பிணக்கோதான் காரணமாக இருக்கலாம். இருபத்தைந்து வயது இளைஞர்களில் பலருக்கு வேண்டியது மாத்திரையன்று, அரைமணி நேரப் பேச்சு. சில நேரம் குற்றவாளி, ஏற்கெனவே சாப்பிடும் இரத்த அழுத்த மருந்தாகவோ மனச்சோர்வு மருந்தாகவோ இருக்கும். அதை மாற்றித் தருவார். தாமே நிறுத்துவது தனி ஆபத்து.

மாத்திரை ஆசையை உண்டாக்காது என்பதையும் அவர்தாம் சொல்ல வேண்டும். மனம் விழையாதபோது அது வெறும் மாத்திரை. தலைவலி, முகச்சிவப்பு, எதையும் நீலம் பூசிக் காட்டும் பார்வை எல்லாம் வந்துபோகக் கூடியவை. விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒரு கண்ணின் பார்வையோ செவியின் கேள்வியோ திடீரென்று போனாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

மருத்துவர்கள்மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பாதி திறந்த கதவு, வாசலில் எட்டிப்பார்க்கும் அடுத்த நோயாளி, உரக்கப் பெயர் கூப்பிடும் உதவியாளர். இந்தச் சூழலில் எவர் வாய் திறப்பார்? ஸ்டென்ட் வைத்து வீடு திரும்புகிறவருக்கு உப்பு, எண்ணெய், நடைப்பயிற்சி பற்றியெல்லாம் சொல்கிறார்கள். மனைவியோடு எப்போது கூடலாம் என்பதை அவரும் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை. பாண்டுவின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எல்லாம் முடிந்தது என்று ஒருவர் ஒதுங்கிக்கொள்கிறார். இன்னொருவர் இருட்டிய பிறகு கடைக்குப் போகிறார். விஜய் தொலைக்காட்சியில் மருத்துவர் மாத்ருபூதம் இவற்றைத் தமிழில் பதற்றமின்றிப் பேசிய காலம் ஒன்றிருந்தது. அப்போது சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

சென்ற வாரம் ஐயாவைப் பார்க்கப் போயிருந்தேன். மருத்துவர்கள் இப்போதைக்கு அந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள்; ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்களாம். அம்மாவுக்கு எல்லாம் தெரியுமா என்று தயங்கிக் கேட்டேன். "அவதானே என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா" என்றார். பிறகு பணப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். முதன்முதலில் மாத்திரை எழுதியபோது மருத்துவர் தந்தது. மாத்திரையின் பெயர், அளவு, அதன் கீழே 'நைட்ரேட் கொடுக்க கூடாது' என்று அச்சிட்ட ஒரு வரி. 'கொடுக்க'வுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு 'க்' சேர்க்கப்பட்டிருந்தது.