பழைய ரீலுக்கு மறுபிறவி

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லைக்கு அருகே, ஆனிக் என்றொரு சிற்றூர். ஹாரி பாட்டர் படங்களில் வந்த கோட்டையைப் பார்க்க அங்கே போகிறவர்கள் ஏராளம். தூண்டில் பிரியர்களை இழுப்பது வேறொன்று. 1872இல் வில்லியம் ஹார்டி அங்கே ஒரு துப்பாக்கிக் கடையைத் தொடங்கினார். தம்பியும் வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளிலேயே கடை தூண்டில் பக்கம் திரும்பியது. 1891இல் அவர்கள் விற்பனைக்கு விட்ட, தூண்டில் நூலைச் சுற்றும் ரீலின் பெயர் ‘பெர்ஃபெக்ட்’. பால்பேரிங் மீது உருளை சுழலும்படி அமைத்த அந்த ரீலின் உற்பத்தி இடையிடையே நின்றிருக்கிறது. ஆனாலும் அதே பெயரில், ஏறக்குறைய அதே உருவில், அது திரும்பத் திரும்பப் புதிதாக வந்துகொண்டே இருக்கிறது.

இப்படித் திரும்பி வந்த ரீல்கள் இன்னும் பல உண்டு. பிரான்சில் வாழ்ந்த தூண்டில்காரர் லூயி பூக்லேயின் பெயரால் 1903இல் வந்த ‘பூக்லே’, வட அமெரிக்க சால்மன் ஆறுகளுக்கென 1930களில் சொற்பமாகச் செய்யப்பட்ட ‘காஸ்கபீடியா’ இரண்டும் மறுபிறவி எடுத்துவிட்டன. நியூயார்க்கில் எட்வர்ட் வோம் ஹோஃப் கறுப்பு எபோனைட் ரப்பரிலும் ஜெர்மன் வெள்ளி என்ற உலோகக் கலவையிலும் செய்த ரீல்களின் சாயலில் அமெரிக்காவின் சிறு பட்டறைகள் புதியவற்றைக் கடைந்தெடுக்கின்றன. அசல் இருக்க நகல் எதற்கு என்று சேகரிப்பாளர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அது சரியல்ல. இந்த ரீல்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் செய்தவை அல்ல, ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கச் செய்தவை.

இந்த ரீல்கள் பயன்படும் ஃப்ளை ஃபிஷிங்கில் இரை என்பது தூண்டில் முள்ளில் இறகும் பட்டுநூலும் கொண்டு கட்டிய பொய்ப் பூச்சி. அதற்கு எடையே கிடையாது. எடை நூலில் இருக்கிறது. கோலை முன்னும் பின்னும் வீசி அந்த நூலைத்தான் தண்ணீர்மேல் விரிக்கிறார்கள். அதனால் ரீலுக்கு வேலை குறைவு. நூலைச் சுற்றி வைத்திருக்க வேண்டும், மீன் ஓடும்போது சீராக விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் உருளையும் ஒரு சுற்று. உள்ளே ஒரு பற்சக்கரம், அதில் இடறும் சிறு நாக்கு, நாக்கை அழுத்தும் ஒரு வில். மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது அந்த நாக்கு எழுப்பும் கிரீச்சொலி ஏறுவதையும் தணிவதையும் வைத்தே, தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாத மீன் என்ன செய்கிறது என்று காது சொல்லிவிடும். கடலில் பெரிய மீனோடு மல்லுக்கட்ட டிஸ்க் பிரேக் வைத்த நவீன ரீல் வேண்டும்தான். ஓடையில் வரும் டிரவுட் மீனுக்கு அந்த நாக்கும் வில்லும் தாராளம். 130 ஆண்டுகளுக்கு முந்தைய அமைப்பு இன்றும் வேலை செய்கிறது என்றால், அதை இன்னொரு முறை செய்வதில் என்ன குற்றம்?

பழைய ரீலின் ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சார்லஸ் ஆர்விஸ் 1874இல் காப்புரிமை பெற்ற ரீலில் பக்கத் தகடெங்கும் துளைகள். எடை குறையும், காற்று புகுந்து நூலும் உலரும். அன்றைய பட்டுநூலை உலர்த்தாமல் விட்டால் மக்கிவிடும். செயற்கை நூல் வந்தபின் அந்த இரண்டாவது காரணம் போய்விட்டது, துளைகள் மட்டும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹார்டி ரீல்களுக்கு வழக்கமான கருஞ்சாம்பல் பூச்சு இல்லாமல் போனது. வெற்று அலுமினியமாகவே அவை வெளிவந்தன. சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு ‘ஸ்பிட்ஃபயர்’ என்று போர் விமானத்தின் பெயரையே சூட்டிவிட்டார்கள். நகலெடுக்க முனைகிற ஒரு கடைசல்காரர் இந்தக் காரணங்களையெல்லாம் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். ஒரு தொழிலறிவு அப்படித்தான் அடுத்த கைக்குப் போகிறது.

வாங்குகிறவர்களில் பலர் அந்தக் காலத்தைப் பார்த்தவர்களே அல்லர். 1992இல் ராபர்ட் ரெட்ஃபோர்டின் ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’ படம், மொன்டானா ஆறுகளில் நூல் காற்றில் வளைந்து விரிவதைக் காட்டி, தூண்டிலையே தொட்டிராதவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்து வந்தது. வாழாத காலத்துக்கு ஏங்குவது போலி என்று சொல்வது எளிது. அந்த ஏக்கத்தில் ஒரு நியாயமான கோரிக்கை இருக்கிறது. நல்ல பழைய ரீலைக் கையாலேயே கழற்றி, துடைத்து, எண்ணெயிட்டு, மறுபடி பூட்டிவிடலாம். வில் ஒடிந்தால் வில்லை மட்டும் மாற்றலாம். பழுதானால் திறக்கக்கூட முடியாதபடி ஒட்டி மூடிய கருவிகளோடு நாளெல்லாம் புழங்குகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா நகரில் ஸ்டான் போக்டன் தன் மகனோடு செய்துவந்த சால்மன் ரீல்களுக்கு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர் 2011இல் 92 வயதில் இறந்தார். அவர் ரீல்கள் இன்னும் ஓடுகின்றன.

ஆகவே நகலுக்கு வைக்க வேண்டிய நிபந்தனைகள் இரண்டே. செய்தவர் பெயரும் செய்த ஆண்டும் அதில் அழியாமல் பொறிக்கப்பட வேண்டும். உதிரிபாகம் கிடைக்க வேண்டும். புது உலோகத்தில் அமிலம் தடவி, ஓரங்களைத் தேய்த்து, தாத்தா கைபட்டது போல் காட்டுவது ஏமாற்று. அந்தத் தேய்மானம் பல பருவங்கள் ஆற்றில் நின்றவருக்கு உரியது. அதைக் கடையில் விற்கக் கூடாது.

பித்தளையை நகலெடுக்கலாம். ஆற்றையும் மீனையும் அப்படிச் செய்யப் போனால் என்னவாகும் என்பதைத் தெரிந்துகொள்ள நம் பக்கமே பார்க்கலாம். நீலகிரியில் தங்கிய ஆங்கிலேயர்கள் ஊர் நினைவில் அங்குள்ள ஓடைகளில் டிரவுட் விட முனைந்தார்கள். 1860களில் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே முயன்று தோற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் வெற்றி கண்டார். அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் எழுந்தது. ஏக்கம் ஒரு மலையின் ஓடைகளையே மாற்றிவிட்டது.

காவிரியில் நடந்தது இன்னும் துயரமானது. 1946இல் மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் காவிரியின் துணையாறான கபினியில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார். காவிரிப் படுகைக்கே உரிய கூன்முதுகு மகசீர் அது. பிற்காலத்தில் காவிரியில் மீன்வளம் பெருகட்டும் என்று, மகாராஷ்டிரப் பொரிப்பகத்தில் வளர்ந்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளை விட்டார்கள். அதுவும் மகசீர்தானே என்ற எண்ணம். அணை, மணல் அள்ளல், வெடி வைத்துப் பிடித்தல் ஆகியவற்றோடு, வந்தேறிய அந்த இனமும் சேர்ந்து அசலை ஒடுக்கியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். 2018இல்தான் கூன்முதுகு மகசீர் டோர் ரெமாதேவி என்ற இனம் என்பது தெளிவானது. அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்னின் பட்டியலில் அது ஏறியதும் அதே ஆண்டில்தான்.

ஹார்டி ரீல்கள் பிறந்த நாட்டிலும் நிலைமை நன்றாக இல்லை. பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை 2023 டிசம்பரில் ஐயுசிஎன் அருகிவரும் இனமாக அறிவித்தது. காஸ்கபீடியா என்பது கியூபெக்கின் ஆறு. வோம் ஹோஃப் தன் ரீல் ஒன்றுக்குப் பெயர் வைத்த டோபிக், நியூ பிரன்ஸ்விக்கின் ஆறு. 1953இல் அதன் குறுக்கே அணை கட்டியபின் அங்கே சால்மன் தேய்ந்தது. வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மெய்ன் மாநிலத்தின் பெனாப்ஸ்காட் ஆற்றில் அந்த ஆற்றின் பூர்வகுடிகளும் இயற்கை அமைப்புகளும் கைகோத்து, 2012இலும் 2013இலும் இரண்டு அணைகளை உடைத்தெடுத்தார்கள். சால்மன் மெல்லத்தான் திரும்புகிறது. ஆனால் கடலிலிருந்து முட்டையிட வரும் ஹெர்ரிங் வகை மீன்கள் லட்சக்கணக்கில் ஏறி வருகின்றன.

இத்தகைய வேலைக்குப் பணம் வேண்டும். ஆற்றின் பெயரைப் பொறித்து ரீல் விற்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு ரீலின் விலையிலும் ஒரு பங்கை அதே ஆற்றுக்கு ஒதுக்கி, தொகையையும் செலவையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வாங்குகிறவர்களும் எந்த ஆற்றுக்கு எவ்வளவு போகிறது என்று கடையிலேயே கேட்க வேண்டும்.