ஸ்மித்தின் மகன் என்ன ஆனான்?

“இங்கிலாந்தில் ஸ்மித் இல்லையா? டெய்லர் இல்லையா? தொழிலைப் பெயரோடு ஒட்டுவது உலக வழக்கந்தானே!” பெயருக்குப் பின்னே சாதி வால் எதற்கு என்று நாம் கேட்கும்போதெல்லாம், படித்த பெரியவர்கள் சிலர் இந்தக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆசிரியர் அறையிலேயே கேட்டோம். கேடயம் இரும்பா, அட்டையா என்று தட்டிப் பார்த்துவிடுவோம்.

1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதுவரை அந்த மண்ணின் மக்களிடையே காட்வின், லியோஃப்ரிக், எதெல்ரெட் என ஒற்றைப் பெயர்களே பெருவழக்கு. வென்றவன் வாளோடு தன் வீட்டுப் பெயர்களையும் கொண்டுவந்தான். வில்லியம், ராபர்ட், ரிச்சர்டு, ஹென்றி! அசல் ஆங்கிலம் என்று நாம் மயங்கும் இவை அனைத்தும் கடல் கடந்து வந்த ஆளவந்தாரின் பெயர்கள். குடியானவனும் பாட்டன் பெயரைக் கைவிட்டுப் பிள்ளைக்கு வில்லியம் என்றே சூட்டினான். ஆண்டான் பெயரைச் சூடினால் ஆண்டானாகிவிடலாம் என்ற ஆசை எந்த நாட்டுக்கும் பொது போலும்!

ஊரெல்லாம் வில்லியம் என்றால், எந்த வில்லியம் என்று வரி வாங்குபவன் எப்படி அறிவான்? இரண்டாம் பெயர் தேவைப்பட்டது. இரும்படித்தவன் ஸ்மித், ஆடை தைத்தவன் டெய்லர், ரொட்டி சுட்டவன் பேக்கர், கூரை வேய்ந்தவன் தாட்சர், குன்றருகே குடியிருந்தவன் ஹில், ஜானின் மகன் ஜான்சன். வேல்சு நாட்டில் ‘ஆப்’ என்றால் மகன்; ஆப் ஹவெல் பவல் ஆயிற்று, ஆப் ரீஸ் பிரைஸ் ஆயிற்று.

தொடக்கத்தில் இப்பெயர் ஆளோடு போயிற்று. கொல்லன் மகன் ரொட்டி சுட்டால் அவன் பேக்கர். ஏறத்தாழ 1400-க்குள்தான் பெரும்பாலான குடும்பங்களில் அது தந்தைவழிப் பெயராக உறைந்தது. தோழர்களே, இங்கேதான் கூர்ந்து நோக்கவேண்டும். பெயர் உறைந்தது, தொழில் உறையவில்லை! ஆடம் ஸ்மித் சம்மட்டி தூக்கவில்லை. 1776-இல் ‘நாடுகளின் செல்வம்’ என்ற நூலைத் தந்தார். பண்ணைக் கூலியின் மகன் ஜேம்ஸ் குக், சமையற்கட்டை விட்டுப் பசிபிக் கடலை அளந்தார். மளிகைக் கடைக்காரர் ராபர்ட்சின் மகள், தாட்சர் ஒருவரை மணந்து, 1979-இல் பிரதமரானார். அவருடைய அரசியலோடு நமக்கு உறவில்லை. ஆனால், கூரை வேய்பவன் பெயர் கோட்டைக்குள் நுழையலாமா என்று எந்தச் சாத்திரம் தடுத்தது? பேக்கர் வீட்டுப் பெண்ணை ஸ்மித் வீட்டுப் பிள்ளை மணந்தால் அங்கே ஊர் இரண்டாகிறதா?

அங்கே ஏற்றத்தாழ்வே இல்லை என்று பசப்ப நாம் வரவில்லை. நார்மன் குடிப்பெயர்கள் நூற்றாண்டுகள் பல கடந்தும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் பட்டியலில் அளவுக்கு மீறித் தென்படுவதைக் கிரிகரி கிளார்க் 2014-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். (கிளார்க் என்பதும் எழுத்தர் தொழிலின் பெயரே!) அமெரிக்காவிலோ, அடிமைகளின் வழிவந்தோர் பலர் ஆண்டைகளின் பெயரைச் சுமந்தனர். மால்கம் லிட்டில் அதை உதறி, ‘எக்ஸ்’ என்று நிமிர்ந்தார். காசியஸ் கிளே 1964-இல் முகமது அலி ஆனார். சுமையென்று உணர்ந்தவர்கள் இறக்கி வைத்தார்கள்; அதைப் பெருமை என்று கட்டிக்கொண்டு அழவில்லை.

ஆங்கிலச் சட்டப்படி வயதுவந்த ஒருவர் பெயரை மாற்றிக்கொள்ள எவர் அனுமதியும் வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2023-இல் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு மிகுதியாகச் சூட்டப்பட்ட பெயர் முகமது. வில்லியம் வென்ற நாட்டில்! வானம் இடிந்து விழவில்லை.

ஸ்மித்தைத் துணைக்கழைக்கும் பெரியவர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறோம்: நம்மூர்க் கொல்லுப்பட்டறைக்காரர் மகன் படித்திருக்கிறான், நல்லவன்; உங்கள் மகளுக்குப் பேசலாமா?