எமர்சனின் வலது கை



இன்னைக்கு டெங்குவும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஒரு பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவைப் பற்றி எழுதப் போறேன். கடைசியில் மருத்துவத்துக்குத்தான் வந்து நிற்பேன், கொஞ்சம் பொறுமையா வாங்க.

குழுவின் பெயர் எமர்சன், லேக் அண்ட் பால்மர். ரசிகர்களுக்கு இ.எல்.பி. கீபோர்டு கீத் எமர்சன், பாட்டும் பேஸ் கிட்டாரும் கிரெக் லேக், டிரம்ஸ் கார்ல் பால்மர். மூணே பேர்தான். 1970-ல் சேரும்போதே மூணு பேரும் வேற குழுக்களில் பெயர் வாங்கியவர்கள்.

இவங்க வாசித்தது ப்ராக்ரஸிவ் ராக். மூணு நிமிஷக் காதல் பாட்டு போதாது, மேற்கத்திய செவ்வியல் இசை மாதிரி நீளமா, சிக்கலா, பல பகுதிகளா ராக் இசையிலும் எழுதலாம் என்று அந்தக் காலத்து பிரிட்டிஷ் இளைஞர்கள் சிலர் கிளம்பினாங்க. அதுல உச்சபட்ச ஆட்டம் ஆடியது இ.எல்.பி.

1970 ஆகஸ்ட், ஐல் ஆஃப் வைட் இசைத் திருவிழா. பெரிய கூட்டத்தின் முன் அவங்களுக்கு அது கிட்டத்தட்ட அறிமுக நிகழ்ச்சி. மேடையில் நிஜமாவே பீரங்கி வெடித்தார்கள்!

அடுத்த வருடம் 'டார்கஸ்' ஆல்பம். எல்.பி.யின் ஒரு பக்கம் முழுக்க, சுமார் 20 நிமிஷம், ஒரே படைப்பு. அதன் தொடக்கம் ஐந்து ஐந்தாக எண்ண வேண்டிய தாளம், நம்ம கணக்கில் கண்ட நடைக்குப் பக்கத்தில் வரும். இடது கை அந்தச் சுழலை விடாமல் அடிச்சுக்கிட்டே இருக்க, வலது கை அதுக்கு மேலே வேறொரு பாதையில் பறக்கணும். ஹெட்போன் வச்சு ஒரு முறை கேளுங்க. ஒரு மனுஷனின் பத்து விரல்தானா என்று சந்தேகம் வரும்.

மேடையில் எமர்சன் இன்னும் மோசம். ஹேமண்ட் ஆர்கனின் கட்டைகளுக்கு நடுவில் கத்தியைச் செருகி ஒரு சுரத்தை நிறுத்தி வைப்பார். அவ்வளவு கனமான ஆர்கனைச் சாய்த்து, தன் மேலேயே இழுத்துப் போட்டுக்கிட்டு பின்பக்கத்தில் இருந்து வாசிப்பார். 1974-ல் கலிஃபோர்னியா ஜாம் நிகழ்ச்சியில் பியானோவோடு சேர்த்து ஆகாயத்தில் தலைகீழாச் சுற்றினார். (என்னிடம் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேட்டு வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.)

1977-ல் சுமார் எழுபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவைக் கூட்டிக்கிட்டு வட அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனாங்க. செலவு தாங்காமல் சில வாரத்திலேயே பெரும்பாலான ஊர்களுக்கு மூணு பேராவே போக வேண்டியதாச்சு. லாரிகளின் கூரையில் ஆளுக்கொரு பெயரைப் பெருசா எழுதி ஓட்டினதும், லேக் மேடையில் பாரசீகக் கம்பளம் விரிச்சு அதில் நின்னு பாடினதும் பத்திரிகைகளுக்கு இன்னைக்கு வரைக்கும் தீனி.

1978-ல் 'லவ் பீச்' என்று ஒரு ஆல்பம். அதைப் பற்றி ரசிகர்களே பேச மாட்டாங்க, நானும் பேசலை. அதோட குழு கலைஞ்சது. 1992-ல் 'பிளாக் மூன்' ஆல்பத்தோடு மறுபடி மூணு பேரும் வந்தாங்க.

வழக்கமா இந்தக் கதையை எப்படிச் சொல்வாங்க தெரியுமா? திறமை இருந்தது, தலைக்கனம் ஏறியது, பங்க் இசை வந்து காற்றைப் பிடுங்கி விட்டது, பிறகு வயசாகிப் பழைய வேகம் போயிடுச்சு.

முதல் மூணையும் இசை விமர்சகர்களுக்கு விட்டுடறேன். கடைசியா சொன்னாங்களே, "வயசாகி வேகம் போச்சு", அதுலதான் எனக்கு மறுப்பு இருக்கு.

1993-ல் எமர்சனுக்கு வலது கையில் நரம்பு அறுவை சிகிச்சை நடந்தது. அப்போ வயசு 48. கிட்டத்தட்ட ஒரு வருடம் வாசிப்பில் இருந்து விலகி இருந்தார். தன் கைக்கு வந்ததை ரைட்டர்ஸ் கிராம்ப் மாதிரி என்று அவரே ஒப்பிட்டிருக்கார். பின்னாளில் செய்திகளில் ஃபோகல் டிஸ்டோனியா என்ற பெயரும் அடிபட்டது. அவர் ஃபைலைப் பார்க்காத நான் நோயின் பெயரை முடிவு செய்ய மாட்டேன். ஆனா அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கு என்று உங்களுக்குத் தெரியணும்.

நம்ம மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஒரே நுணுக்கமான வேலையை லட்சக்கணக்கான முறை செய்யும்போது, சிலருக்கு அந்த இடங்களுக்கு நடுவில் உள்ள வரப்பு அழிஞ்சு போகுது. ஒரு விரலை நீட்டச் சொன்னால் பக்கத்து விரலும் சேர்ந்து மடங்குது. பியானோக்காரர்களுக்குப் பெரும்பாலும் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும்தான் சிக்கும். வலி இருக்காது. அதே கையால் சட்டைப் பொத்தான் போடலாம், டீ கிளாஸ் பிடிக்கலாம். பியானோ முன்னால் உட்கார்ந்தால் மட்டும் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. தொழில்முறை இசைக்கலைஞர்களில் சுமார் நூறில் ஒருவருக்கு வருவதாக ஒரு மதிப்பீடு உண்டு.

அமெரிக்க பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு 1960-களின் நடுவில் வலது கை இப்படித்தான் போச்சு. சரியான நோய்ப்பெயர் கிடைக்கவே பல வருடம் ஆனது. இடது கைக்கு மட்டும் எழுதப்பட்ட படைப்புகளை வாசிச்சார், பாடம் சொல்லிக் கொடுத்தார். 1990-களில் போடாக்ஸ் ஊசியும் பிசியோதெரபியும் கொஞ்சம் வழிவிட, 2004-ல் 'டூ ஹேண்ட்ஸ்' என்று பெயர் வைத்தே ஆல்பம் போட்டார். ஆமாங்க, முகச் சுருக்கத்துக்குப் போடறாங்களே, அதே போடாக்ஸ்தான். எல்லாருக்கும் அவ்வளவு பலன் தராது.

இந்த இடத்தில் நானும் ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஓ.பி.க்கு பத்திரம் எழுதும் பெரியவர் ஒருத்தர் வந்தார். "சார், பேனா பிடிச்சா மட்டும் கை முறுக்குது, சோறு சாப்பிட ஒண்ணும் இல்லை" என்றார். நான் கையை மடக்கி நீட்டிப் பார்த்தேன். பலம் சரியா இருந்தது. "ஒண்ணும் இல்லைங்கய்யா, டென்ஷன்" என்று சொல்லி பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். பேனாவைக் கொடுத்து நாலு வரி எழுதச் சொல்லிப் பார்த்திருந்தால் எனக்கே புரிஞ்சிருக்கும். அவர் திரும்ப வரவே இல்லை.

அதனால்தான் சொல்றேன், "வயசாயிடுச்சு", "பயிற்சி இல்லை", "மனசுதான் காரணம்" என்று கைகாட்டி விடுவது பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் பேச்சு. அதை ரசிகன் சொன்னாலும் தப்பு, நான் சொன்னாலும் தப்பு.

எமர்சன் அதற்குப் பிறகும் மேடை ஏறினார். 1998 வரை குழுவோடு சுற்றினார். 2010 ஜூலையில் லண்டன் விக்டோரியா பூங்காவில் மூணு பேரும் கடைசியாச் சேர்ந்து வாசிச்சாங்க. அங்கே நின்றவர்களின் காதில் இருந்தது 1971-ஆம் வருடத்து ஆல்பம், மேடையில் இருந்ததோ அறுவை சிகிச்சை செய்த கை. இணையம் வந்த பிறகு மறுநாள் காலையே தீர்ப்பு எழுதும் வசதியும் வந்துடுச்சு.

2016 மார்ச்சில், தன் 71-வது வயதில், எமர்சன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த மாதம் ஜப்பானில் நிகழ்ச்சிகள் இருந்தன. கையின் நிலை மோசமாகிக்கிட்டே வந்தது, இணையத்தில் வந்த குத்தல்களை அவர் வாசித்து வேதனைப்பட்டார், சரியா வாசிக்க முடியுமா என்று பயந்தார் என்று அவருடைய துணைவி பிறகு பத்திரிகைகளிடம் சொன்னார்.

ஒரு கமென்ட்தான் ஒருவரைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். மனச்சோர்வும் மதுப்பழக்கமும் அவருக்கு இருந்தது விசாரணை அறிக்கையிலேயே பதிவாகியிருக்கு. தற்கொலைக்கு எப்போதும் காரணங்கள் பல, அதுல பெரும்பாலானவற்றுக்கு சிகிச்சை உண்டு. உங்களில் யாருக்காவது அப்படி எண்ணம் வந்தால் 14416, டெலிமானஸ் எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஆனா ஒருவர் வேலையும் அடையாளமும் ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கை போனால் அவருக்கு நரம்பு டாக்டர் மட்டும் போதாது. மனநல மருத்துவரும் அதே நாளில் பார்க்கணும். அந்தக் கையை ஒரு போன் திரையில் பார்த்துட்டு "தாத்தா ரிட்டயர் ஆகலாம்" என்று டைப் பண்றவருக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. நானும் பழைய பாடகர்களைப் பற்றி இப்படி டைப் பண்ணியிருக்கேன். போன வாரம் தேடிப் பிடிச்சு ரெண்டை அழிச்சேன்.

அதே 2016 டிசம்பரில் கிரெக் லேக் புற்றுநோயால் இறந்தார். மிச்சம் இருப்பது பால்மர். 2022-ல் இருந்து மேடையின் பெரிய திரையில் எமர்சனையும் லேக்கையும் ஓட விட்டு, அதோடு சேர்ந்து நேரில் டிரம்ஸ் வாசிக்கிறார். திரையில் ஓடுவது 1992-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுத்த பதிவு. அறுவை சிகிச்சைக்கு முந்தைய வருடத்து வலது கை அங்கே ஓடிக்கிட்டே இருக்கு. கீழே எழுபதைத் தாண்டிய பால்மர், காதில் ஹெட்போனோடு அதுக்கு ஈடு கொடுத்து வாசிக்கிறார்.